பி.காமா, பி.பி.ஏ.வா? குமரி மாவட்ட மாணவருக்கு வணிகப் படிப்பும் வேலைப் பாதையும்: முழுமையான வழிகாட்டி

மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்ததும் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் ஜெராக்ஸ் கடைகளில் நிற்க இடம் இருக்காது. மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் என்று ஐந்து நகல், பத்து நகல் எடுத்துக்கொண்டு பிள்ளைகள் கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்குவார்கள். விண்ணப்பத்தில் ‘விரும்பும் பாடம்’ என்ற கட்டத்துக்கு வந்ததும் பலரும் "பி.காம்னு போடு, அதுக்குத்தான் எல்லா வேலையும் உண்டு" என்று யாரோ சொன்னதை எழுதிவிடுகிறார்கள். பி.காம் நல்ல படிப்புதான். ஆனால் எல்லா வேலைக்கும் வாசல் திறக்கும் படிப்பு, தானாக எந்த வேலையிலும் கொண்டுபோய் உட்கார வைக்காது. மூன்றாவது வருடம் முடிந்தபின் "அடுத்து என்ன?" என்று தேடத் தொடங்கினால் இரண்டு வருடம் வீணாகப் போகும்.

ஆகவே வேலையிலிருந்து பின்னோக்கி வாருங்கள். எந்த வேலை, அதற்கு எந்தத் தகுதி, அந்தத் தகுதிக்கு எந்தப் பட்டம், அந்தப் பட்டத்துக்கு எந்தக் கல்லூரி என்ற வரிசையில் யோசியுங்கள். இந்த வழிகாட்டியும் அதே வரிசையில்தான் போகிறது.

முதல் படி: ஒரு வாரம் ஒரு கடையின் கணக்கை எழுதிப் பாருங்கள்

பிளஸ் டூ தேர்வு மார்ச்சில் முடிகிறது, முடிவு மே மாதம் வருகிறது. நடுவில் உள்ள நாட்களில் ஒரு வாரம் போதும். மாமாவின் பலசரக்குக் கடை, சித்தப்பாவின் ரப்பர் கடை, தோவாளையில் தெரிந்தவரின் பூக்கடை, அண்ணன் வேலை பார்க்கும் சிப்ஸ் கடை, எதுவானாலும் சரி. காலையில் பெட்டியில் இருந்த பணம், வந்த பணம், போன பணம், கடனுக்குக் கொடுத்தது, கடனுக்கு வாங்கியது எல்லாவற்றையும் ஏழு நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள். இரவில் பெட்டியை எண்ணி, நோட்டோடு ஒப்பிடுங்கள்.

ஒரு ரப்பர் கடையின் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். காலை இருப்பு ரூ.12,400. ஒருவர் 85 கிலோ ஷீட் கொண்டுவருகிறார். கிலோ ரூ.190 என்று வைத்தால் ரூ.16,150. கையில் ரூ.10,000 கொடுத்து மீதியை அடுத்த வாரம் தருவதாகச் சொல்லியாகிறது. பழைய பாக்கி ரூ.8,500 ரொக்கமாக வருகிறது. மொத்த வியாபாரி ஒருவர் ரூ.25,000 வங்கிக் கணக்கில் போடுகிறார். வண்டி வாடகை ரூ.900, சுமட்டுக் கூலி ரூ.350.

பெட்டியில் எவ்வளவு இருக்க வேண்டும்? 12,400-உடன் 8,500 கூட்டி, அதில் 10,000, 900, 350 கழித்தால் ரூ.9,650. வங்கிக்கு வந்த 25,000 ரொக்கக் கணக்கில் வராது. கொடுக்க வேண்டிய 6,150 ஷீட் கொண்டுவந்தவரின் பெயரில் கடனாக நிற்கும். ஆனால் எண்ணிப் பார்த்தால் பெட்டியில் 9,470 தான் இருக்கிறது. ரூ.180 குறைகிறது.

இந்த 180-ஐ 9-ஆல் வகுத்தால் மீதமில்லாமல் 20 வருகிறது. வித்தியாசம் 9-ஆல் சரியாக வகுபட்டால் எங்கோ ஓர் எண்ணை இடம் மாற்றி எழுதியிருக்கலாம் என்று கணக்கர்கள் முதலில் சந்தேகிப்பார்கள். துண்டுச்சீட்டை எடுத்துப் பாருங்கள்: சுமட்டுக் கூலி கொடுத்தது ரூ.530, நோட்டில் ஏறியது ரூ.350. கண்டுபிடித்தாயிற்று.

இப்போது உங்களை நீங்களே கவனியுங்கள். அந்த 180 கிடைக்கும்வரை சாப்பாட்டுக்கு எழும்ப மனம் வரவில்லை என்றால் உங்கள் இடம் கணக்கியலும் தணிக்கையும். "180 போனால் போகட்டும், அந்த மொத்த வியாபாரி போன மாதம் இரண்டு தடவை வந்தார், இந்த மாதம் ஏன் ஒரு தடவைதான் வந்தார்?" என்று தோன்றினால் விற்பனை, மேலாண்மை. "நேற்று ஒரு விலை, இன்று ஒரு விலை, இதை யார் முடிவு செய்கிறார்கள்?" என்று மனம் ஓடினால் பொருளியல். எழுதுவதே சலிப்பாக இருந்து, இதையெல்லாம் கம்ப்யூட்டரில் தானாக வரவைக்க முடியாதா என்று யோசித்தால் கணினியோடு சேர்ந்த வணிகப் படிப்பு. எந்த ஆன்லைன் திறனறித் தேர்வையும் விட இந்த ஒரு வாரம் உங்களைப் பற்றித் தெளிவாகச் சொல்லும்.

இரண்டாம் படி: பட்டங்களின் உள்ளே என்ன இருக்கிறது

பி.காம்: நிதிக் கணக்கியல், நிறுமக் கணக்கியல், அடக்கவிலைக் கணக்கியல், வருமான வரி, வணிகச் சட்டம், தணிக்கை, வணிகப் புள்ளியியல். பாதிக்கு மேல் எண்களோடுதான் பொழுது போகும். பிளஸ் டூவில் வணிகக் கணிதம் எடுக்காதவரும் சேரலாம். புள்ளியியல் தாளில் மட்டும் கொஞ்சம் திணறுவார்கள், சராசரி, திட்ட விலக்கம், ஒட்டுறவு மூன்றையும் முன்கூட்டியே போட்டுப் பழகினால் சமாளிக்கலாம்.

பி.காம் சி.ஏ. என்ற பெயரில் ஒவ்வொரு வருடமும் ஒரு குழப்பம் நடக்கிறது. இங்கே சி.ஏ. என்பது கம்ப்யூட்டர் அப்ளிகேஷன். ஆடிட்டர் ஆவதற்கான சி.ஏ. படிப்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. "மகள் சி.ஏ. படிக்கிறாள்" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, இரண்டாவது வருடம் உண்மை தெரிந்து வருந்துகிற பெற்றோர் உண்டு. சேர்க்கை அன்றே பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். கணக்கியல் தாள்கள் எத்தனை, கணினித் தாள்கள் எத்தனை என்று எண்ணுங்கள். கணினித் தாளுக்கு இடம் கொடுக்க மேல்நிலைக் கணக்கியலையோ வரியையோ குறைத்திருந்தால், ஆடிட்டர் கனவு உள்ளவர் சாதாரண பி.காமையே எடுப்பது நல்லது.

பி.பி.ஏ.: மேலாண்மைக் கொள்கைகள், சந்தைப்படுத்தல், மனிதவளம், நிறுவன நடத்தை, கொஞ்சம் கணக்கியல். பேசவும் ஆட்களை நடத்தவும் ஆசைப்படுகிறவருக்கு ஏற்றது. குடும்பத்தில் கடையோ தொழிலோ இருந்து அதை எடுத்து நடத்தப் போகிறவருக்கும் பொருந்தும். ஆனால் பி.பி.ஏ.வை மட்டும் வைத்துக்கொண்டு மேலாளர் வேலை தேடினால் விற்பனைப் பிரதிநிதி வேலைதான் முதலில் கிடைக்கும். எம்.பி.ஏ. வரை போகும் எண்ணம் இருந்தால் எடுங்கள். 2024-25 முதல் பி.பி.ஏ., பி.சி.ஏ. படிப்புகள் தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.யின் ஒப்புதலின் கீழ் வந்துவிட்டன. சேரும் கல்லூரிக்கு அந்த ஒப்புதல் இருக்கிறதா என்று ஏ.ஐ.சி.டி.இ. தளத்தில் கல்லூரிப் பெயரைப் போட்டுப் பாருங்கள். வெளியூரிலிருந்து ஏஜென்டுகள் வந்து விமானத்துறை பி.பி.ஏ., மருத்துவமனை நிர்வாக பி.பி.ஏ. என்று இடம் பிடித்துத் தருவதாகப் பேசும்போது இந்தச் சோதனை கட்டாயம் வேண்டும். முன்பணம் கொடுத்துவிட்டுப் பார்ப்பதில் பயனில்லை.

பி.ஏ. பொருளியலைப் பலரும் ‘கிடைக்காதவர் எடுக்கும் பாடம்’ என்று ஒதுக்குகிறார்கள். அது தவறு. டி.என்.பி.எஸ்.சி., யு.பி.எஸ்.சி. தேர்வுகளில் இந்தியப் பொருளாதாரம் தனிப் பகுதியாகவே வருகிறது. அரசுப் பணியே குறி என்றால் மூன்று வருடப் படிப்பும் தேர்வுத் தயாரிப்பும் ஒன்றுக்கொன்று துணை நிற்கும்.

அறிவியல் பிரிவில் பிளஸ் டூ முடித்து பி.காம் சேர்கிறவர்கள் ஒன்றைச் செய்தே ஆக வேண்டும். பதினோராம் வகுப்புக் கணக்குப்பதிவியல் பாடநூலை வாங்கி, அல்லது பாடநூல் கழகத் தளத்தில் இலவசமாக இறக்கி, குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு, இறுதிக் கணக்குகள் வரை வகுப்பு தொடங்குமுன் போட்டு முடியுங்கள். முதல் செமஸ்டரில் ஆசிரியர் இவற்றை வேகமாகக் கடந்துபோவார், வகுப்பில் பாதிப்பேருக்கு அது தெரிந்த பாடம். பற்று எது, வரவு எது என்பது பிடிபடாதவர்களுக்கு அரியர் விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

வணிகவியல் ஆசிரியர் ஆக நினைப்பவருக்கும் ஒரு விவரம்: பத்தாம் வகுப்பு வரை வணிகவியல் தனிப் பாடமாக இல்லாததால் பி.காம், பி.எட். மட்டும் முடித்தால் பட்டதாரி ஆசிரியர் பணியிடம் கிடைக்காது. எம்.காம், பி.எட். முடித்து முதுகலை ஆசிரியர் தேர்வு எழுத வேண்டும். ஏழு வருடம் ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: பட்டத்தோடு சேரும் இரண்டாவது தகுதி

வணிகப் படிப்பில் வேலையை முடிவு செய்வது பெரும்பாலும் பட்டத்தோடு சேர்த்து நீங்கள் எடுக்கும் இரண்டாவது தகுதிதான். அதை முதல் செமஸ்டர் முடிவதற்குள் முடிவு செய்யுங்கள். ஒன்றே ஒன்று போதும். சி.ஏ., வங்கித் தேர்வு, குரூப் 2 மூன்றுக்கும் சேர்த்துப் படிக்கிறேன் என்பவர்கள் பெரும்பாலும் மூன்றிலும் பாதிக் கிணறுதான் தாண்டுகிறார்கள்.

சி.ஏ.

இது நீண்ட பாதை, ஆகவே இதற்கு அதிக இடம் கொடுக்கிறோம். ஃபவுண்டேஷன், இன்டர்மீடியட், ஃபைனல் என்று மூன்று கட்டம். ஃபவுண்டேஷனில் கணக்கியல், வணிகச் சட்டம், கணிதம்-புள்ளியியல் சார்ந்த அளவைத் திறன், வணிகப் பொருளியல் என்று நான்கு தாள், தாளுக்கு 100 மதிப்பெண். ஒவ்வொன்றிலும் 40, மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். முதல் இரண்டு தாளை விரித்து எழுத வேண்டும். அடுத்த இரண்டும் கொள்குறி வினாக்கள், தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறையும்.

தேதிதான் இங்கே பலரை வீழ்த்துகிறது. ஜனவரி, மே-ஜூன், செப்டம்பர் என்று வருடத்துக்கு மூன்று முறை தேர்வு. தேர்வுக்கு நான்கு மாதம் முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். செப்டம்பர் தேர்வு எழுத மே 1-க்குள் பதிவு. பிளஸ் டூ முடிவு அதற்குப் பிறகுதான் வரும் என்பதால் "முடிவு வரட்டும்" என்று காத்திருப்பவர் ஜனவரிக்குத் தள்ளப்படுகிறார். பத்தாம் வகுப்பு முடித்தவரே தற்காலிகமாகப் பதிவு செய்ய விதியில் இடம் உண்டு. ஆகவே ஏப்ரலிலேயே, இந்தத் தேர்வை நடத்தும் ஐ.சி.ஏ.ஐ.யின் தளத்தில் பதிந்துவிடுங்கள். அந்த வருடத்தின் கடைசித் தேதியையும் அங்கேயே சரிபாருங்கள்.

தமிழ்வழியில் படித்தவர்கள் ஃபவுண்டேஷனில் சட்டத் தாளில் திணறக்கூடும். விடை தெரிந்திருக்கும், ஆங்கிலத்தில் எழுத வராது. தினம் ஒரு கேள்விக்குச் சட்டம் சொல்வது என்ன, இந்தச் சம்பவத்துக்கு அது எப்படிப் பொருந்துகிறது, முடிவு என்ன என்று மூன்று பத்தியாக எழுதிப் பழகுங்கள். நாலு மாதத்தில் நூற்றுக்கு மேல் விடைகள் கைப்பட எழுதியிருப்பீர்கள். படித்துக்கொண்டே இருப்பதை விட இது பலன் தரும்.

இன்டர்மீடியட்டில் ஆறு தாள், மூன்று மூன்றாக இரண்டு குரூப். இரண்டு குரூப்பும் முடித்தபின் ஆடிட்டர் அலுவலகத்தில் இரண்டு வருடப் பயிற்சி. இது முழுநேரப் பயிற்சி. ரெகுலர் கல்லூரி நேரமும் அலுவலக நேரமும் மோதினால் அனுமதி கிடையாது. அதனால் நம்மூர்ச் சூழலுக்கு நடைமுறையில் ஒத்துவரும் திட்டம் இது: முதல் வருடத்தில் ஃபவுண்டேஷன், இரண்டாம் மூன்றாம் வருடங்களில் இன்டர்மீடியட், பட்டம் முடிந்ததும் பயிற்சி. ஃபவுண்டேஷனைத் தவற விட்டவர் பி.காமில் 55 சதவீதம் எடுத்தால் அதை எழுதாமலே நேரடியாக இன்டர்மீடியட்டில் சேரலாம். வேறு பட்டதாரிகளுக்கு 60 சதவீதம். ஆக, முதல் செமஸ்டரிலிருந்தே மதிப்பெண்ணைக் கீழே விடாதீர்கள்.

பயிற்சியை நாகர்கோவிலில் செய்வதா, சென்னைக்கோ திருவனந்தபுரத்துக்கோ போவதா? சிறு அலுவலகத்தில் பதிவு முதல் ரிட்டர்ன் வரை எல்லா வேலையும் கைக்கு வரும், உதவித்தொகை குறைவு. பெரிய அலுவலகத்தில் பெரிய நிறுவனங்களின் தணிக்கையைப் பார்க்கலாம், ஆனால் ஒரே வகை வேலையே பல மாதம் வரக்கூடும். ஊரிலேயே தனி அலுவலகம் போட நினைப்பவர் சிறு அலுவலகத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

சி.எம்.ஏ.

ஒரு பொருளைச் செய்ய எவ்வளவு செலவாகிறது என்ற அடக்கவிலையே இதன் உயிர். தொழிற்சாலைக் கணக்கில் ஆர்வம் உள்ளவருக்கு இது சி.ஏ.க்கு இரண்டாம்தரம் அல்ல. நம் மாவட்டத்து முந்திரி ஆலையையே பாருங்கள். பச்சைக் கொட்டையை வாங்கும்போது 80 கிலோவுக்கு எத்தனை பவுண்ட் பருப்பு கிடைக்கும் என்பதை வைத்துத்தான் விலை பேசுவார்கள். 48 பவுண்ட் என்று நம்பி வாங்கியது 47 ஆக இறங்கினால், 16 டன் சரக்கில், அதாவது 80 கிலோவாக 200 பங்கில், சுமார் 90 கிலோ பருப்பு குறைந்துபோகும். அந்த இழப்பு கொட்டையின் தரத்தாலா, உடைப்பவர் கைப்பிழையாலா, உலர்த்தலில் வந்ததா என்று பிரித்துச் சொல்வதே அடக்கவிலைக் கணக்கரின் வேலை. பட்டம் முடித்தவருக்கு ஃபவுண்டேஷன் தேவையில்லை. இன்டர்மீடியட், ஃபைனல் இரண்டிலும் எட்டெட்டுத் தாள், அதோடு 15 மாதப் பயிற்சி.

கம்பெனி செக்ரட்டரி படிப்பும் உண்டு. சட்டம் வாசிப்பதில் சலிப்பு வராதவருக்கு அது. ஆனால் அதற்கான வேலை பெருநகரங்களில்தான் அதிகம், வெளியூர் போகத் தயாராக இருப்பவர் மட்டும் எடுக்கவும்.

வங்கித் தேர்வு

பொதுத்துறை வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் ஐ.பி.பி.எஸ். நடத்தும் அதிகாரி (பி.ஓ.), கிளார்க் தேர்வுகளுக்கு எந்தப் பட்டமும் போதும், குறைந்த வயது 20. பட்டம் கையில் வந்த வருடமே எழுதலாம். அதிகாரி பணிக்கான முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலம் 30, கணிதம் 35, பகுத்தறிதல் 35 என்று 100 கேள்வி, ஒரு மணி நேரம், பகுதிக்கு 20 நிமிடம். தோற்பவர்களில் பலருக்குக் கணக்கு தெரியும், நேரம்தான் போதாது. 35 கேள்விக்கு 20 நிமிடம் என்றால் ஒரு கேள்விக்கு 34 நொடி. ஆகவே எதைத் தொடாமல் விடுவது என்று பழக வேண்டும். இரண்டாம் வருடத்தில் 25 வரை வாய்ப்பாடு, 30 வரை வர்க்கம், 15 வரை கனம், பின்னங்களின் சதவீதம் ஆகியவற்றை மனப்பாடம் ஆக்குங்கள். மூன்றாம் வருடத்தில் வாரம் இரண்டு மாதிரித் தேர்வு எழுதுங்கள். தேர்வுக்கு ஒரு மணி நேரம், தவறுகளை அலச இரண்டு மணி நேரம். கிளார்க் பணிக்குத் தமிழ்நாட்டில் விண்ணப்பிக்கத் தமிழ் எழுத, படிக்க, பேசத் தெரிந்திருக்க வேண்டும்.

டி.என்.பி.எஸ்.சி.

குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பு, குரூப் 2, 2ஏ-க்குப் பட்டம். தமிழ்த் தகுதிப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதி விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். விளவங்கோடு, கிள்ளியூர்ப் பக்கம் மலையாளத்தை முதல் மொழியாக எடுத்துப் படித்த பிள்ளைகள் இதை மனதில் வைத்து, பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலிலிருந்து தனியாகத் தயாராக வேண்டும்.

தமிழ்வழியில் படித்தவருக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. அந்தப் பதவிக்குரிய தகுதி வரை ஒன்றாம் வகுப்பிலிருந்து முழுவதும் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும் என்பது விதி. பட்டத்தை ஆங்கில வழியில் படித்தால் குரூப் 2-ல் அந்த முன்னுரிமை போய்விடும், குரூப் 4-ல் போகாது. பட்டம் சேருமுன் இதை நிறுத்தி யோசிக்க வேண்டும். பெரும்பாலான கல்லூரிகளில் பி.காம் ஆங்கில வழிதான்.

இதோடு தட்டச்சு. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தேர்வில் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் சீனியர் முடித்து, அலுவலகக் கணினிச் சான்றிதழும் வைத்திருந்தால் குரூப் 4 தட்டச்சர் பணிக்குப் போட்டியிடலாம். அங்கே போட்டி குறைவு. காலை ஏழு மணிக்கு இன்ஸ்டிடியூட்டில் ஒரு மணி நேரம் தட்டிவிட்டுக் கல்லூரிக்குப் போவது இந்த ஊருக்குப் பழகிய வழக்கம்தான். அதைப் பழைய காலத்து வேலை என்று விட்டுவிடாதீர்கள்.

டாலி, ஜி.எஸ்.டி., எக்ஸெல்

தேர்வு எதுவும் வேண்டாம், பட்டம் முடித்ததும் வேலை வேண்டும் என்பவருக்கு இது. டாலி என்ற கணக்கு மென்பொருளை வகுப்பில் மூன்று மாதம் படித்த சான்றிதழுக்கு மதிப்பு குறைவு, ஒரு வருடம் உண்மையான பில்களைப் பதிந்த அனுபவத்துக்கு மதிப்பு அதிகம். மாதாமாதம் தாக்கல் செய்பவருக்கு விற்பனை விவரத்தைக் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர்-1 அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள், வரியைக் கட்டிச் சுருக்கமாகக் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர்-3பி 20-ஆம் தேதிக்குள், கொடுக்கும் பணத்தில் முன்கூட்டியே பிடித்த வரியான டி.டி.எஸ்.ஸைக் கட்டுவது 7-ஆம் தேதிக்குள். இந்த மூன்று தேதிக்கும் முந்தைய நாட்களில் எந்த ஆடிட்டர் அலுவலகத்துக்கும் ஆள் தேவைப்படும். கல்லூரி முடிந்து மாலையில் இரண்டு மணி நேரம் போய் உட்காருங்கள். முதல் ஆறு மாதம் சம்பளத்தைப் பெரிதாகக் கேட்காதீர்கள். கேட்க வேண்டியது வேறு: வாங்கிய பில்லும் தளத்தில் காட்டும் உள்ளீட்டு வரியும் (சரக்கு வாங்கும்போது கட்டிய வரி) ஏன் ஒத்துவரவில்லை என்று சரிபார்க்கும் வேலையை. விற்றவர் தன் ரிட்டர்னைத் தாக்கல் செய்யாததா, ஜி.எஸ்.டி. எண்ணில் ஓர் எழுத்துப் பிழையா, பில் அடுத்த மாதத்தில் ஏறியதா என்று தனியாகக் கண்டுபிடிக்கத் தெரிந்தவரை எந்த முதலாளியும் விடமாட்டார்.

பி.காம், பி.பி.ஏ. இரண்டு பட்டதாரிகளும், மற்றவர்களுக்காக ரிட்டர்ன் தாக்கல் செய்யும் ஜி.எஸ்.டி. பிராக்டிஷனராகப் பதியலாம். அதற்கு மத்திய மறைமுக வரித் துறையின் பயிற்சி நிறுவனமான நாசின் நடத்தும் தேர்வில் 50 சதவீதம் வேண்டும். குழித்துறை, கருங்கல், குளச்சல் போன்ற ஊர்களில் நாற்பது ஐம்பது கடைகளின் ரிட்டர்னை எடுத்துச் செய்தால் அதுவே ஒரு தொழில்.

நான்காம் படி: கல்லூரியும் சேர்க்கையும்

அரசுக் கல்லூரிகளுக்கு, கோணத்தில் உள்ள அரசுக் கலை அறிவியல் கல்லூரி உட்பட, தமிழ்நாடு அரசின் பொதுச் சேர்க்கைத் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மொழிப் பாடங்களை விட்டு மற்ற நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை. ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, தெ.தி. இந்துக் கல்லூரி, ஹோலி கிராஸ் கல்லூரி, மார்த்தாண்டம் நேசமணி நினைவு கிறிஸ்தவக் கல்லூரி போன்ற உதவிபெறும் கல்லூரிகளுக்குத் தனித்தனி விண்ணப்பம். ஒன்றை மட்டும் நம்பாமல் மூன்று இடத்திலாவது போடுங்கள்.

உதவிபெறும் கல்லூரியில் சேரும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இந்த பி.காம் உதவிபெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா?" ஒரே வளாகம், ஒரே பட்டம், கட்டணம் மட்டும் வெகுவாக மாறும். கல்லூரியின் பெயரைக் கேட்டுவிட்டு, பிரிவைக் கேட்காமல் விடுபவர்கள் ரசீது கையில் வந்தபின்தான் விழிக்கிறார்கள்.

இரண்டாவது: தன்னாட்சிக் கல்லூரியா, மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தை அப்படியே நடத்தும் கல்லூரியா? தன்னாட்சி என்றால் பாடத்திட்டமும் வினாத்தாளும் கல்லூரியுடையது. இரண்டிலும் நல்லது உண்டு, ஆனால் பாடத்திட்டத்தைப் பார்க்காமல் சேரக் கூடாது. மூன்றாவது: வேலைவாய்ப்பு முகாமில் போன வருடம் இந்தத் துறையில் எத்தனை பேர், எந்தப் பதவியில், எந்த ஊரில் சேர்ந்தார்கள்? ‘நிறுவனங்கள் வந்தன’ என்பது பதில் ஆகாது. மூன்றாமாண்டு மாணவர் இருவரிடம் வாசலில் நின்று பேசினால் உண்மை பத்து நிமிடத்தில் தெரியும்.

அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவியருக்குப் புதுமைப்பெண், மாணவருக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் ரூ.1,000 கிடைக்கும். பணம் வராமல் போவதற்கு வழக்கமான காரணம் ஆதார் எண் வங்கிக் கணக்கோடு இணையாதது, அல்லது சான்றிதழில் ஒரு முன்னெழுத்தும் ஆதாரில் வேறொன்றும் இருப்பது. கல்லூரி திறக்குமுன் பெயர், முன்னெழுத்து, பிறந்த தேதி மூன்றும் எல்லா ஆவணத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் பாஸ்போர்ட் எடுக்கும்போதும் இந்த வேலை மிச்சம்.

எல்லைக்கு அப்பால் கேரளத்தில் படிக்க நினைப்பவர்கள், அங்கே 2024 முதல் நான்காண்டுப் பட்ட முறை வந்திருப்பதைக் கவனிக்கவும். மூன்று வருடத்தில் பட்டத்தோடு வெளியே வரலாம், நான்காவது வருடம் படித்தால் ஆனர்ஸ்.

ஐந்தாம் படி: ஆறு செமஸ்டரை எப்படிப் பிரிப்பது

முதல் செமஸ்டரில் இரண்டாவது தகுதி எது என்று முடிவு. வங்கிக் கணக்கு, பான் எண், ஒழுங்கான மின்னஞ்சல் முகவரி. இரண்டாம் செமஸ்டரில் எக்ஸெல்: கூட்டலில் தொடங்கி சம்இஃப்ஸ், வி-லுக்கப், பிவட் டேபிள் வரை, உங்கள் கடை நோட்டின் தகவலையே வைத்துப் பழகுங்கள். முதல் கோடை விடுமுறையில் முப்பது நாள் ஏதாவது ஓர் அலுவலகம்.

மூன்றாம், நான்காம் செமஸ்டர்கள் கடினமானவை. நிறுமக் கணக்கியலும் அடக்கவிலையும் பல பாடத்திட்டங்களில் இந்த நேரத்தில்தான் வரும். அரியர் வைக்காதீர்கள். முகாமுக்கு வரும் நிறுவனங்கள் பலவும் நிலுவை அரியர் உள்ளவரை முதல் வடிகட்டலிலேயே நீக்கிவிடும். நான் முதல்வன் திட்டத்தில் கல்லூரி வழியாக வரும் பயிற்சிகளில் உங்கள் பாதைக்கு ஒத்ததைக் கேட்டு வாங்குங்கள்.

ஐந்தாம் செமஸ்டரில் ஒரு பக்கத் தன்விவரக் குறிப்பு. "கடின உழைப்பாளி, நேர்மையானவர்" என்று எழுத வேண்டாம், எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். "ஒரு ரப்பர் கடையின் எட்டு மாதக் கொள்முதல், விற்பனை பில்களை டாலியில் பதிந்து ஜி.எஸ்.டி.ஆர்-1 தயாரித்தேன்" என்று எழுதுங்கள். எம்.பி.ஏ. போக நினைப்பவர்: ஐ.ஐ.எம். சேர்க்கைக்கான கேட் தேர்வு நவம்பர் மாதம், அதாவது ஐந்தாம் செமஸ்டரிலேயே வந்துவிடும். தயாரிப்பு இரண்டாம் வருடத்தில் தொடங்கியிருக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு டான்செட் உண்டு. இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு எம்.பி.ஏ. போவது மேலும் நல்லது, வகுப்பில் சொல்வது அப்போதுதான் புரியும்.

ஆறாம் படி: வேலை எங்கே இருக்கிறது

மாவட்டத்துக்குள்: ரப்பர், முந்திரி, மீன் ஏற்றுமதி, நகைக்கடை, ஜவுளிக்கடை, மருத்துவமனை, சிட்டி (சீட்டு) நிறுவனம், கூட்டுறவுச் சங்கம், கன்னியாகுமரி விடுதிகள். இவற்றில் கணக்கர் தேவை எப்போதும் உண்டு. சம்பளம் மெதுவாகத்தான் ஏறும். வீட்டிலிருந்து போய்வரலாம் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திருவனந்தபுரம் டெக்னோபார்க் என்ற ஐ.டி. பூங்கா நாகர்கோவிலிலிருந்து எழுபது எண்பது கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. அங்கே கணினிப் பட்டதாரிகளுக்கு மட்டும்தான் வேலை என்ற எண்ணம் தவறு. வெளிநாட்டு நிறுவனங்களின் கணக்கு, பில் சரிபார்ப்பு, வரி வேலைகளுக்கு பி.காம் பட்டதாரிகளையும் எடுக்கிறார்கள். தடையாக நிற்பது ஆங்கிலப் பேச்சு. மலையாளம் தெரிந்திருப்பது கூடுதல் வசதி.

திருவனந்தபுரம் அருகே விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே மாதம் முறைப்படி திறக்கப்பட்டதும் லாஜிஸ்டிக்ஸ் (சரக்குப் போக்குவரத்து) படிப்புகளுக்கு விளம்பரம் பெருகிவிட்டது. விழிஞ்ஞத்தின் முக்கிய வேலை பெரிய கப்பலிலிருந்து சிறிய கப்பலுக்குப் பெட்டி மாற்றுவது. அந்தப் பெட்டிகள் கரை வழியாக ஊருக்குள் வராதவரை சுங்க முகவர், கிடங்கு, லாரி அலுவலக வேலைகள் குறைவாகவே இருக்கும். ஏற்றுமதி இறக்குமதி ஆவண வேலை கற்க, இப்போதைக்குத் தூத்துக்குடியே நல்ல இடம். பி.காமோடு அந்த அனுபவத்தைச் சேர்த்தவர் விழிஞ்ஞம் வளரும்போது முன்வரிசையில் இருப்பார்.

வளைகுடா: பல வீடுகளில் இதுவே முதல் எண்ணம். கணக்கராகப் போக வேண்டுமானால் இங்கே இரண்டு வருட அனுபவம் எடுத்துவிட்டுப் போங்கள். அனுபவம் இல்லாமல் போகிறவர் கடைக்காரராகவோ ஸ்டோர் உதவியாளராகவோ தொடங்கி, அதிலேயே பல வருடம் நின்றுவிடுவது உண்டு. அமீரகத்தில் 2018 முதல் 5 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு வரி), 2023 முதல் நிறுவன வரி. சவூதியில் வாட் 15 சதவீதம். இந்த வரிகளின் ரிட்டர்னைத் தயாரிக்கத் தெரிந்த கணக்கருக்குத்தான் அங்கே நல்ல இடம். ஜி.எஸ்.டி. தெரிந்தவருக்கு வாட் பிடிபட அதிக நாள் ஆகாது.

பட்டச் சான்றிதழுக்கு மாநில அரசு, வெளியுறவுத் துறை, அந்த நாட்டின் தூதரகம் என்ற வரிசையில் சான்றொப்பம் வாங்க வேண்டியிருக்கும். தற்காலிகச் சான்றிதழ் போதாது, பட்டமளிப்புச் சான்றிதழ் வேண்டும். ஆகவே கடைசி செமஸ்டர் முடிவு வந்ததுமே பல்கலைக்கழகத்தில் அதற்கு விண்ணப்பியுங்கள். ஏஜென்ட் யாராக இருந்தாலும் அவர் உரிமம் பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். அவர் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு ரூ.30,000, அதற்கு மேல் ஜி.எஸ்.டி. என்று வரம்பு உண்டு. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் பெயரைப் பதிந்து வைக்கலாம். விசாவில் எழுதியிருக்கும் பதவிப் பெயரும் ஒப்பந்தத்தில் உள்ளதும் ஒன்றுதானா என்று கையெழுத்துக்கு முன் படித்துப் பாருங்கள். ‘அக்கவுண்டன்ட்’ என்று பேசிவிட்டு விசாவில் ‘சேல்ஸ்மேன்’ என்று இருந்தால், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்ற வாக்கை நம்பி விமானம் ஏறாதீர்கள்.